கேள்வி பதினேழு

நாவலடிக் குளத்தின் வடகரை.
காலை ஐந்து ஐம்பது.
நீர்க்காகம் இருபத்து மூன்று,
வெள்ளைக் கொக்கு ஒன்பது,
நாமக்கோழி ஒரு சோடி.
பொலித்தீன் பைகளை
நூற்றுப் பன்னிரண்டோடு எண்ணாமல் விட்டேன்.
அதற்கு வேறு படிவம் இருக்கிறது.

ஆறரைக்கு மனிதர்கள்.
அவர்களுக்கும் படிவம்.

"கிழமைக்கு எத்தனை தரம் குளத்துக்கு வருவீர்கள்?"
முச்சக்கரவண்டியைக் கழுவிக்கொண்டு நின்ற தவயோகன்
முழங்கை வரை சவர்க்கார நுரையோடு நிமிர்ந்தார்.
"நான் எங்கை தங்கச்சி வாறது?
கார்த்திகை பிறந்தா அதுதான் எங்கடை வீட்டை வரும்.
போன முறை குசினிக்குள்ளை மூண்டு நாள் நிண்டது.
காஸ் அடுப்பு கறள் பிடிச்சுக் கிடக்கு, வந்து பாருங்கோ."
வருகை என்ற கட்டத்தில்
யார் யாரிடம் வந்தது என்று எழுத இடமில்லை.
ஒரு கோடு கீறினேன்.
நுரை சரிவில் இறங்கி
என் செருப்பைச் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனது.

கரையை நிரவிக் கட்டிய மாடிவீட்டில்
மூன்றாம் தட்டு, றெஜினா.
"மணம் வந்தா யன்னலைப் பூட்டுவன்,
காத்து வந்தா திறப்பன்.
அவ்வளவுதான் பிள்ளை
எங்கள் ரெண்டு பேருக்கும் கொடுக்கல் வாங்கல்."
சொல்லும்போதே காற்று வந்தது.
மேசையிலிருந்த படிவம் ஒன்று
அவ திறந்த யன்னலால் பறந்து
ஆகாயத்தாமரைக்கு மேல் போய் விழுந்தது.
பதிலளிக்காதோர் தொகையில் அதைச் சேர்த்தேன்.

கோபுரத்தடி இரவுக் காவலாளி பெயர் சொல்லவில்லை.
"உந்தப் பெரிய லைற் போட்ட நாள் தொட்டு
கொக்கு கண்ணயர்றேல்லை.
கொப்பு மாறி மாறி இருக்குது.
விடிய விடிய நானும் அதையே பாத்துக்கொண்டு."
கேள்வி பதினேழு:
இந்தக் குளம் உங்களுக்கு என்ன தருகிறது?
அமைதி, காற்று, நுளம்பு, ஒன்றுமில்லை.
நாலையும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.
பிறகு,
"துணை எண்டு ஒரு பெட்டி போடேல்லையோ?"

கிணறுகள் முப்பது.
குளத்திலிருந்து ஐந்நூறு மீற்றருக்குள்.
இந்த ஊர்ச் சுண்ணக்கல்லுக்கு ஒளிக்கத் தெரியாது.
மேலே கொட்டியதை
ஒரு மாரி பொறுத்து
வாளியில் திருப்பித் தரும்.
குழாய்களை வரிசையாக அடுக்கி மருந்து விட்டேன்.
நைத்திரேற்று கூடக் கூட இளஞ்சிவப்பு ஏறும்.
பதினான்காம் குழாய்
செம்பரத்தம்பூ நிறத்துக்குப் போனது.

பதினான்கு, நான் வாடகைக்கு இருக்கும் வீடு.

மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"ஆய்வாளற்றை வீடோ? அப்ப சார்பு வரும்.
உதை நீக்கிப்போட்டு இருபத்தொன்பதாக் காட்டும்."
நீக்கினேன்.
சராசரி கொஞ்சம் நல்லாயிற்று.
அன்று பின்னேரமும் அந்தக் கிணற்றில்தான்
முகம் கழுவினேன்,
அரிசி களைந்தேன்,
கழுநீரை வேலியோரம் ஊற்றினேன்.
வேலிக்கு அங்காலே வாய்க்கால்.
வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்ற வரைபடம்
என் கையால் கீறியது,
மூன்று நிறத்தில்.

இரவு ஒரு படிவம் எடுத்து எனக்கே நிரப்பினேன்.
வயது. தொழில். வதிவிடம்.
கிழமைக்கு எத்தனை தரம்?
தேத்தண்ணியை எண்ணினேன்,
குளிப்பை, சோற்றை, பல்துலக்கியதை.
நாற்பத்து மூன்று என்று எழுதி,
பக்கத்தில், இடமில்லாத இடத்தில்,
அது வந்தது
என்று சின்னதாக எழுதினேன்.

தைமாதம் திரும்பப் போனேன்.
நீர்க்காகம் பத்தொன்பது.
நான் கிட்டப் போனதும் பதினெட்டு.
தண்ணீர் வற்றிய மூலையில்
நாமக்கோழி கூடு கட்டியிருந்தது:
கோரை, சம்பு,
பால்மா பக்கற்றின் நீலத்துண்டு,
காய்ந்து மடிந்த கடதாசி ஒன்று.
தொலைநோக்கியைத் திருகித் திருகி
எழுத்தைப் பிடித்தேன்.
என் படிவம்தான்.
முட்டைக்குக் கீழே அரைவரி தெரிந்தது:
ஓரளவு உடன்படுகிறேன்.